நாற்றுக்குப் பசி எப்போது?



சென்ற ஆடிப்பட்டத்தின்போது நம் அறக்கட்டளை சார்பில், மஹல்லாவில் விருப்பம் தெரிவித்த குடும்பங்களுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை வழங்கினோம். நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கிவந்த குழித்தட்டுகளை வீட்டுக்கு முப்பது குழி வரும்படி வெட்டிக்கொடுத்தோம். கூடவே, கொடுப்பதை நிறைவாகக் கொடுப்போம் என்ற எண்ணத்தில் நூறு கிராம் உரப் பொட்டலம் ஒன்றையும் பையில் போட்டோம். பையில் நாற்று இருந்தது, உரம் இருந்தது. அந்த உரத்தை எப்போது, எவ்வளவு போடுவது என்று சொல்லும் ஒரு துண்டுத்தாள் மட்டும் இல்லை.

இரண்டாம் வாரம் ஒரு லாத்தா தம் பங்குத் தட்டைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கணவரை இழந்து, இத்தா முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மாடியில் நாலு செடி இருந்தால் கறிக்கும் ஆகும், மனதுக்கும் ஆகும் என்று தாமே வந்து கேட்டு வாங்கிப்போனவர். துணியை விலக்கினால் முப்பது குழியிலும் நூல் நூலாகக் கருகிய தண்டுகள்.

“தம்பி, நாத்தும் நீங்க கொடுத்தது, உரமும் நீங்க கொடுத்தது. நல்லா வரட்டுமேன்னு ஒவ்வொரு குழிக்கும் ஒரு சிட்டிகை போட்டேன். ரெண்டே நாள், எல்லாம் போச்சு” என்றார்.

“வெறும் பொடியாகவா போட்டீங்க, லாத்தா? தண்ணியில கரைக்கலையா?” என்று கேட்டோம்.

“கரைக்கணும்னு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. அதன் பிறகு விசாரித்தபோது வேறு பல வீடுகளிலும் இதே கதை என்று தெரிந்தது. சிலர் கேட்கக் கூச்சப்பட்டு, தங்கள் கைராசி சரியில்லை என்று தட்டைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். கைராசியில் குற்றமில்லை. குற்றம் எங்களுடையது. ஆகவே, போன வருடம் பையில் வைத்திருக்க வேண்டிய துண்டுத்தாளைச் சற்று விரிவாக இந்த இதழில் எழுதுகிறோம். லாத்தாவின் சம்மதத்தோடுதான் அவர் கதையையும் சேர்த்திருக்கிறோம்.

விதைக்குள் இருக்கும் கட்டுச்சோறு

நாங்கள் கொடுத்த நாற்றுகளுக்கு அன்றைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் வயது இருக்கும். இரண்டு வித்திலைகளும், நடுவில் அப்போதுதான் தலைகாட்டும் ஒரு கொழுந்தும். அந்த வயதில் நாற்றுக்கு உரம் ஏறக்குறையத் தேவையே இல்லை.

வெளியூர் போகும் பிள்ளைக்கு உம்மா கட்டுச்சோறு கட்டிக்கொடுப்பதுபோல, ஒவ்வொரு விதைக்குள்ளும் முளைக்கும் குஞ்சுச் செடிக்கான உணவு வைக்கப்பட்டிருக்கிறது. முளைத்ததும் முதலில் வெளியே வருகிற தடித்த, வழவழப்பான இரண்டு இலைகளைத்தான் வித்திலைகள் என்கிறோம். அவரையை முளைக்க வைத்துப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: பிளந்த பருப்பின் இரு பாதிகளே மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும். செடி அந்த உணவைத் தின்றுகொண்டே கீழே வேரையும் மேலே கொழுந்தையும் விடுகிறது. பூசணி, சுரை, அவரை, வெண்டை போன்ற பெரிய விதைகளில் கட்டுச்சோறு அதிகம். தக்காளி, மிளகாய், கத்தரி விதைகளில் குறைவு. கீரை விதையில் மிகமிகக் குறைவு.

வித்திலைகளுக்குப் பிறகு வருவதுதான் அந்தச் செடிக்கே உரிய இலை. தக்காளியானால் ஓரம் வெட்டு வெட்டாக, கத்தரியானால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். இதை உண்மை இலை என்று சொல்வோம். உண்மை இலை இரண்டு நன்றாக விரிந்து, மூன்றாவது எட்டிப் பார்க்கும்போது கட்டுச்சோறு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்று பொருள். நாற்றுக்குப் பசி தொடங்குவது அப்போதுதான். நாள் கணக்கை விட இலைக் கணக்கே நம்பத்தக்கது. ஏனென்றால் தக்காளி ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், மிளகாய் சில சமயம் இரண்டு வாரம் கூட எடுத்துக்கொள்ளும்.

இந்தப் பருவத்தில் வித்திலைகள் மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். சாப்பிட்டு முடித்த பொட்டலத்தின் தாள் அது, உதிரட்டும். மேலே வரும் இலை பச்சையாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

அதேபோல், நாற்று வெளிறி, ஒல்லியாக, நெட்டையாக வளர்ந்து சாய்கிறது என்றால் அதுவும் பசியில்லை. வெளிச்சம் போதவில்லை. அடுப்படி ஜன்னலோரம், மாடிப்படிக்குக் கீழே என்று வைத்திருப்பீர்கள். உரத்தைக் கொடுத்தால் இன்னும் வேகமாக நெட்டையாகி விழும். காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். நண்பகல் வெயிலுக்கு மட்டும் ஒரு மெல்லிய துணி நிழல் போதும்.

எதில் விதைத்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். குழித்தட்டுகளில் நிரப்புவது தென்னை நார்க்கழிவு. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேர் ஓட இடம் தரும். ஆனால் செடி உண்ணத்தக்க சத்து அதில் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே அதில் வளரும் நாற்றுக்கு உண்மை இலை வந்தபின் நாம்தான் ஊட்ட வேண்டும். வீட்டிலேயே செம்மண்ணும் மணலும் நன்கு மக்கிய எருவும் சமபாகமாகக் கலந்து தொட்டியில் விதைத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பிடுங்கி நடும் நாள் வரைக்கும் அந்த எருவே போதும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல், பக்கத்து வீட்டில் ஊற்றினார்கள் என்று நாமும் ஊற்றுவது வழக்கமாக இருக்கிறது.

கருவாடு போடுகிற கணக்கு

ஒரு சிட்டிகை உரம் எப்படி ஒரு செடியைக் கொல்லும் என்று லாத்தா கேட்டார். கடற்கரை ஊர்க்காரர்களான நமக்கு இதை விளக்குவது எளிது. மீனில் உப்பைத் தடவி வைத்தால் என்ன ஆகிறது? மீனுக்குள் இருக்கும் தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிடுகிறது. மீன் சுருங்கிக் கருவாடாகிறது. பொட்டலத்தில் வரும் உரமும் உப்பு வகைதான், கறியில் போடும் உப்பு இல்லையே தவிர. மண்ணில் அது மிதமாகக் கரைந்திருந்தால் வேர் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அளவு மீறினால் கணக்கு தலைகீழாகிவிடும். வேருக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தில் துவளும், இலையின் நுனியும் ஓரமும் கருகும்.

லாத்தாவின் தட்டில் ஒரு குழியில் நிற்கும் தண்ணீர் ஒன்றிரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் இராது. அதில் ஒரு சிட்டிகை என்பது, நாற்று தாங்கக்கூடிய அளவைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். பெரிய தென்னைக்கு ஒரு கைப்பிடி கூடினால் அது பொறுத்துக்கொள்ளும். நூல் போன்ற வேர் பொறுக்காது.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது. உரம் போடும் முன்பே தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று பொருள். அந்தத் தண்ணீரில் உரத்தையும் கரைத்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். நாற்றுப் பருவத்துக்கு மட்டுமாவது குழாய்த் தண்ணீரோ மழைத்தண்ணீரோ எடுத்து வையுங்கள். ஒரு தட்டுக்குத் தேவைப்படுவது ஒரு செம்பு, இரண்டு செம்புதான். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. அது நாற்றுக்கு மிகவும் ஏற்றது. இதற்கு நேர்மாறானது, குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத்தண்ணீர். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. வீணாகிறதே என்ற நல்லெண்ணத்தில் அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் நம்மில் உண்டு. வாசல் கழுவலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம், நாற்றுக்கு வேண்டாம். உளூச் செய்த தண்ணீரில் சோப்பு இல்லை, மூலத் தண்ணீர் உப்பில்லாமல் இருந்தால் அதைத் தாராளமாக ஊற்றலாம்.

முதல் ஊட்டம்

உரக் கடைகளில் 19:19:19 என்று எழுதி விற்கிற, தண்ணீரில் முழுவதும் கரையும் பொடியைத்தான் நாங்கள் கொடுத்தோம். பலரும் அந்த எண்ணைப் பார்த்து விலை என்றோ தேதி என்றோ நினைத்தார்களாம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு வீதம் இருக்கிறது என்பதே அதன் பொருள். தழைச்சத்து இலைக்கும் தண்டுக்கும், மணிச்சத்து வேருக்கு, சாம்பல்சத்து பூ, காய், நோய் தாங்கும் வலு ஆகியவற்றுக்கு என்று மேலோட்டமாக வைத்துக்கொள்ளலாம். யூரியாவில் தழைச்சத்து மட்டும் 46 பங்கு. டிஏபியில் தழைச்சத்து 18, மணிச்சத்து 46. இவை இரண்டும் ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறவர்களுக்கானவை. மாடித்தோட்டத்து நாற்றுக்கு யூரியாவைக் கையிலெடுக்காமல் இருப்பதே நல்லது. அளவு பிசகினால் திருத்த வழியில்லை.

அளவைப் பொறுத்தவரை தராசு வேண்டாம். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, மருந்து ஊற்றும் சிறிய தேக்கரண்டி ஒன்று. தலைதட்டிய ஒரு தேக்கரண்டிப் பொடி ஏறக்குறைய ஐந்து கிராம். அதை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு ஒரு கிராம். நாற்றுக்கு இதற்கு மேல் வேண்டாம். உங்கள் தண்ணீர் கரிக்கிறது என்றால் அரைத் தேக்கரண்டி. பண்ணைகளில் இதைவிடக் கூடுதலாகக் கொடுப்பார்கள். அவர்களிடம் நல்ல தண்ணீரும் பழகிய கையும் இருக்கிறது.

ஊற்றும் முறைதான் இதில் முக்கியம். முதலில் வெறும் தண்ணீர் தெளித்துத் தட்டை நனைத்துவிட வேண்டும். நோன்பு திறக்கும்போது வெறும் வயிற்றில் எடுத்த எடுப்பில் பிரியாணியை வைக்கிறோமா? காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் போனாலும் வேருக்கு அப்படித்தான். நனைத்துக் கால் மணி நேரம் கழித்து, கரைத்த தண்ணீரைப் பூவாளியிலோ, மூடியில் துளையிட்ட பாட்டிலிலோ மெதுவாக ஊற்றுங்கள். அடித்துளையில் இரண்டு சொட்டு வந்தால் போதும். இலைமேல் பட்டது காய்ந்து கறையாகாமல் இருக்க மறுபடி ஒரு தெளி வெறும் தண்ணீர். காலையிலோ அஸருக்குப் பிறகோ செய்யுங்கள், உச்சிவெயிலில் செய்ய வேண்டாம். பிறகு ஒரு வாரத்துக்கு வெறும் தண்ணீர்தான்.

நடுவதற்கு முன் இப்படி இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை. தக்காளி நாற்று சுமார் 25 நாளில் நடத் தயாராகும். கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 40 நாள்வரை ஆகும். நடுவதற்கு முந்தின நாலைந்து நாட்களில் உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் சற்றுக் குறைத்து, வெயிலை அதிகமாகக் காட்டுங்கள். உரம் தின்று தளதளவென்று நிற்கும் நாற்று பார்க்க அழகு. பிடுங்கி நட்டால் மறுநாளே படுத்துவிடும். கொஞ்சம் வாடி வைரம் பாய்ந்த நாற்றுதான் பிழைக்கும்.

நட்ட பிறகு

நட்ட அன்றைக்கே குழியில் உரம் போடுவது நம்மிடையே பரவலான பழக்கம். நடும்போது எவ்வளவு கவனமாக எடுத்தாலும் மெல்லிய வேர்கள் அறுந்துதான் இருக்கும். அறுந்த வேரில் உப்புப் படுவது புண்ணில் படுவது போலத்தான். குழியில் ஒரு கைப்பிடி மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழுவுரமோ மண்ணோடு கலந்து போடலாம். வேறெதுவும் வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். நுனியில் புதுக் கொழுந்து விரிந்தால் வேர் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதன்பிறகு பத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை மெல்லிய உரத்தண்ணீர். செடி முழங்கால் உயரம் வந்ததும் லிட்டருக்கு இரண்டு கிராம் வரை கூட்டலாம். தண்டை ஒட்டி ஊற்றாமல், இலைக் குடை முடிகிற வட்டத்தில் ஊற்றுங்கள். உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் இருக்கின்றன.

நம் பக்கத்து மண் மணற்பாங்கானது. தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. ஒரே தடவையில் அள்ளிப் போட்டால் பாதி கீழே போய்விடும், மீதி வேரைச் சுடும். ஆகவே இங்கே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி என்பதுதான் சரிப்படும். மக்கிய எருவைச் சேர்க்கச் சேர்க்க மணலும் பிடித்துவைக்கப் பழகும்.

அவரை, தட்டைப்பயறு, கொத்தவரைக்கு உரத்தண்ணீர் ஊற்றி, பந்தல் நிறைய இலையும் பெயருக்கு ஒரு காயுமாக நிற்பதைப் பல வீடுகளில் பார்த்தோம். இந்தக் குடும்பத்துச் செடிகள் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பெற்றுக்கொள்கின்றன. நாமும் ஊட்டினால் இலையிலேயே மயங்கிவிடும். முளைக்கீரை மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கிற பயிர். விதைக்கும் முன் மண்ணில் கலந்த எருவே அதற்குப் போதும்.

வீட்டில் கிடைப்பவை

கடை உரமே வேண்டாம் என்கிறவர்கள் உண்டு. நல்லது. ஆனால் இயற்கை உரம் சுடாது என்பது தவறான எண்ணம். பச்சைச் சாணம் சுடும். ஆட்டுப் புழுக்கை அதைவிடச் சுடும். கோழிக் கழிவு எல்லாவற்றையும் விடச் சுடும். ஈரமாகக் குவித்து வைத்து, மாதங்கள் கழித்து, தொட்டால் சூடில்லாமல், மூக்கருகில் கொண்டுபோனால் மழை பெய்த மண்ணின் வாசனை வரும் பதத்தில்தான் அவை இளஞ்செடிக்கு உரம். நாற்றம் இருக்கும்வரை அது இன்னும் மக்கிக்கொண்டிருக்கிறது.

பஞ்சகவ்யம் பற்றிச் சிலர் கேட்டார்கள். அதில் கோமியம் சேர்வதால் நம் வீடுகளில் தயக்கம் இருப்பது இயல்பே. சட்டம் சொல்வது எங்கள் வேலையல்ல, அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். தோட்ட வேலையின் கணக்கில் மட்டும் சொல்கிறோம்: அது இல்லாமலும் ஒரு குறையும் வராது, ஏனென்றால் நம் ஊரில் அதற்கு ஈடான ஒரு பொருள் தினமும் குப்பைக்குப் போகிறது. மீன் கழிவு.

உப்புப் படாத, அன்றைய மீனின் குடல், தலை, செதில் எவ்வளவோ அதே எடை வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சேர்க்காமல் கலந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், கால் பங்கு காலியாக விட்டு, மூடி நிழலில் வையுங்கள். கண்ணாடி ஜாடி வேண்டாம்; உள்ளே காற்று உப்பும். சில நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை விட்டுவிட்டுக் கிளறி மூடவும். மூன்று வாரத்திலிருந்து நாற்பது நாளுக்குள் கவிச்சி வாடை போய்த் தேன் போன்ற திரவமாகும். வடிகட்டிக்கொள்ளலாம். இதைத்தான் மீன் அமிலம் என்கிறார்கள். வளர்ந்த செடிக்கு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, நட்டு வேர்பிடித்த இளஞ்செடிக்கு அரைத் தேக்கரண்டி. குழித்தட்டு நாற்றுக்கு ஊற்றவே வேண்டாம். தழைச்சத்து மிகுந்தது என்பதால் பூக்கத் தொடங்கியதும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஊற்றிய அன்று இரவு தெருப் பூனைகள் மொத்தமும் உங்கள் மாடியில்தான் இருக்கும். தொட்டிமேல் முள்குச்சிகளைப் பரப்பி வையுங்கள்.

கடலைப் புண்ணாக்கை இரண்டு, மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். ஆனால் நட்டு மூன்று வாரமாவது ஆன செடிக்கு. கட்டியாக மண்மேல் போட்டால் எறும்பும் பூஞ்சையும் வரும். வேப்பம் புண்ணாக்கை நடும் முன்பே மண்ணில் கலந்து வைப்பது நல்லது. அடுப்புச் சாம்பல் பூக்கும் பருவத்துக்குப் பிறகு ஒரு கைப்பிடி. எருவோடு சேர்த்துப் போட வேண்டாம், எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். அரிசி கழுவிய தண்ணீர் கெடுதல் இல்லை, அதில் பெரிய சத்தும் இல்லை. தேநீர்ச் சண்டியைப் பாலும் சீனியும் போக அலசிக் காயவைத்துப் போடுங்கள். முட்டை ஓடு கரைய மாதக்கணக்காகும். மீந்த நோன்புக்கஞ்சியைத் தொட்டியில் ஊற்றிய வீடு ஒன்று உண்டு. எந்த வீடு என்று எழுதமாட்டோம். அதிலும் உப்பு இருக்கிறது.

குர்பானியின்போது இரத்தம் கலந்த கழுவுநீரையும் ஆட்டின் இரைப்பைக் கழிவையும் செடிக்கு நல்லது என்று தொட்டிகளில் கொட்டுகிறார்கள். இரத்தத்தில் தழைச்சத்து மிக அதிகம். அதனால்தான் அது பச்சையாகப் போனால் இளஞ்செடியைச் சுட்டுவிடுகிறது. மண்ணுள்ள வீட்டுக்காரர்கள் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்து மேலே நன்றாக மண்ணைத் தள்ளிவிட்டால், சில மாதங்களில் அந்த இடம் தென்னைக்கோ முருங்கைக்கோ அருமையான இடமாகும். மாடித்தோட்டக்காரர்கள் கழிவு சேகரிக்க வரும் பணியாளர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

கருகிவிட்டால்

நுனியும் ஓரமும் கருகுவது, ஈரமிருந்தும் துவள்வது, மண்மேல் வெள்ளைப் பொருக்கு படிவது ஆகிய மூன்றும் மிகையின் அடையாளம். பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி கொள்ளும் அளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். துளை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு வாரம் எதுவும் போடாதீர்கள். கொழுந்து உயிரோடு இருந்தால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

பசி இப்படி இருக்காது. பழைய அடியிலைகள் ஒரே சீராக மஞ்சளாகி, வளர்ச்சி நின்றுபோனால் தழைச்சத்துப் பசி. அடியிலை பச்சையாக இருக்க, புதுக் கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த கடற்கரை மண்ணில் இது வரும். 19:19:19 அதற்கு மருந்தில்லை. மக்கிய எருவைக் கூட்டுங்கள், சாம்பலை நிறுத்துங்கள். நாற்றின் அடித்தண்டு தரையோடு அழுகிச் சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். தண்ணீர் அதிகமானதால் வருவது. அப்போது உரம் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய்.

இந்த வருடம்

வரும் ஆடிப்பட்டத்துக்கான நாற்றுகள், இன்ஷா அல்லாஹ், நட்டுவிடக்கூடிய வயதில்தான் கொடுக்கப்படும். விலை குறைகிறது என்று குஞ்சு நாற்றுகளை வாங்கியது எங்கள் அவசரம். நன்கொடையாளர்களின் பணமும், அதைவிட, வாங்கிப்போனவர்களின் உற்சாகமும் அதில் வீணாயிற்று. உரம் இருபது கிராம்தான் இருக்கும். மேலே சொன்ன கணக்கில் அதுவே இருபது லிட்டர் ஆகும்.

போன வருடப் பொட்டலம் யார் வீட்டிலாவது மீதமிருந்தால் தயவுசெய்து சமையலறையில் வைக்காதீர்கள். அந்தப் பொடியும் சரி, யூரியாவும் சரி, பார்ப்பதற்கு உப்பைப் போலவோ சீனியைப் போலவோ இருக்கும். வீட்டில் சிறுபிள்ளைகளும் கண்பார்வை குறைந்த பெரியவர்களும் இருக்கிறார்கள். காற்றுப்புகாத டப்பாவில், மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, உயரத்தில் வையுங்கள். வேண்டாதவர்கள் அலுவலகத்தில் திருப்பித் தரலாம்.

நாற்று வாங்க வருகிறவர்கள் காலியான ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கொண்டுவர வேண்டுகிறோம். கரண்டியை நாங்கள் தருகிறோம். பெண்கள் பகுதியில் கரைத்துக் காட்ட அந்த லாத்தாவே ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டாவது முறை நட்ட கத்தரியிலிருந்து பறித்த காய்கள் நாலைந்தையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். வர இயலாதவர்கள் லுஹருக்கும் அஸருக்கும் இடையில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.